ஹால்டியாவுக்குப் பெரிய கப்பல்: பாரத்தை எங்கே குறைப்பது?

எழுபதாயிரம் டன் நிலக்கரிக்கு விலை பேசி முடித்தாயிற்று. ஆலை துர்காபூர் பக்கம், அல்லது ஜார்க்கண்ட் எல்லையில். பக்கத்தில் இருக்கும் துறைமுகம் ஹால்டியா. கப்பல் பிடிக்கப் போனால் புரோக்கர் முதலில் கேட்பது, "லைட்டரிங் எங்கே, யார் செலவு?" என்பதுதான். லைட்டரிங் என்றால் பெரிய கப்பலின் சரக்கில் ஒரு பகுதியை வழியில் இறக்கி அதன் பாரத்தைக் குறைப்பது. நிறை பாரத்தோடு வரும் பனாமாக்ஸ் கப்பலுக்கு (எழுபதாயிரம் டன் அளவுக்கு ஏற்றும் ரகம்) பதின்மூன்றரை, பதினான்கு மீட்டர் தண்ணீர் வேண்டும். ஹூக்ளி ஆறு ஹால்டியா வரை பெரும்பாலான நாட்களில் கொடுப்பதோ எட்டு மீட்டரைச் சுற்றித்தான். அப்படியானால் வழியில் எங்காவது பாதிச் சரக்கை இறக்க வேண்டும், இல்லை ஏற்றும்போதே பாதிதான் ஏற்ற வேண்டும், இல்லை ஹால்டியாவையே விட்டுவிட வேண்டும்.

இறக்குமதிக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். நாலைந்து கொட்டேஷன் வாங்கி, டன்னுக்கு எது குறைவோ அதைப் பிடித்துவிடுகிறார்கள். கொட்டேஷனில் இருக்கும் தொகை, கடைசியில் கையை விட்டுப் போகும் தொகையில் ஒரு பகுதிதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவழியில் சரக்கை மாற்றுவது லாபமா நஷ்டமா என்பது, அதை வாங்கிக்கொண்டு போகும் சின்னக் கப்பல் கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் ஆலையின் படித்துறையிலேயே போய் நின்றால் அதை மிஞ்ச வேறு வழி கிடையாது. அதுவும் ஹால்டியாவுக்குள்தான் போய் நிற்கப்போகிறது என்றால், பெரும்பாலானவர்களுக்கு அது வேண்டாத செலவு.

## முதலில் கணக்கு

டிராஃப்ட் என்பது கப்பலின் அடிப்பகுதி தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற அளவு. பனாமாக்ஸ் கப்பலில் ஒரு சென்டிமீட்டர் டிராஃப்ட் குறைய ஏறக்குறைய 65 டன் இறக்க வேண்டும். பதின்மூன்றரையிலிருந்து எட்டு மீட்டருக்கு வரவேண்டும் என்றால் 550 சென்டிமீட்டர், அதாவது சுமார் 36,000 டன். எழுபதாயிரத்தில் பாதிக்கு மேல் ஹால்டியாவுக்கு முன்பே இறங்கியாக வேண்டும், உள்ளே போவது முப்பத்து நாலாயிரம் டன்தான்.

எட்டு மீட்டர் என்பதும் நிலையான எண் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் பெரிதாக ஏறும், கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அஷ்டமி பக்கம் ஏற்றம் சிறுத்துவிடும், ஏழரைக்கும் வந்துவிடும். அந்த அரை மீட்டர் வித்தியாசம் 3,250 டன், கிட்டத்தட்ட ஒரு ரேக், அதாவது ஒரு முழு சரக்கு ரயில், சரக்கு. துறைமுகம் டிராஃப்ட் முன்னறிவிப்பை வெளியிடுகிறது. கப்பல் என்றைக்கு வந்து சேரும் என்பதோடு சேர்த்து அதைப் பார்க்காமல் எவ்வளவு இறக்குவது என்று முடிவு செய்வது வீண்.

இன்னொரு விஷயம், புதியவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது: கடல் நீரில் மிதந்த கப்பல் ஆற்று நீருக்குள் வந்ததும் இன்னும் கீழே இறங்கும், நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதால். எட்டு மீட்டரில் மிதக்கும் பனாமாக்ஸ் முழு நன்னீருக்குள் வந்தால் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை கூடுதலாக அமிழும். மழைக்காலத்தில் கங்கை வெள்ளம் கீழே வரும்போது ஹூக்ளியின் முகத்துவாரத்தில் உப்பு நன்றாகவே குறையும். பத்து சென்டிமீட்டர் என்றாலே 650 டன் கணக்கு மாறிவிடுகிறது.

ஆற்றை ஆழப்படுத்தினால் என்ன என்ற கேள்வி நியாயமானது, ஆனால் அது சரக்குக்காரர் எடுக்கக்கூடிய முடிவு இல்லை. கங்கைத் தண்ணீரில் நொடிக்கு 40,000 கன அடி வரை ஹூக்ளிக்குத் திருப்பி வண்டலைத் தள்ளுவதற்காகத்தான் 1975-ல் ஃபராக்கா தடுப்பணை வந்தது. அப்புறமும் தூர்வாருவது ஓயவில்லை, எடுத்த மண் திரும்ப வந்து படிகிறது. இருக்கிற ஆழத்தை வைத்துத்தான் நம் வேலை.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த வழியானாலும் நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

முதலாவது, ஆலை வாசல் வரை டன்னுக்கு மொத்தச் செலவு. கப்பல் வாடகை, துறைமுகக் கட்டணம், இறக்குகூலி, ரயில் எல்லாம் சேர்த்து. இரண்டாவது, காத்திருக்கும் நேரம் யார் தலையில் விழுகிறது. இது ஒன்றுதான் மற்ற எல்லா மிச்சத்தையும் தின்றுவிடக்கூடியது. உதாரணத்துக்கு டெமரேஜ் (பேசிய நேரத்துக்கு மேல் கப்பலை நிறுத்தி வைத்தால் கட்டும் தொகை) நாளுக்கு 15,000 டாலர் என்று ஒப்பந்தம் போட்டிருந்தால், ஆறு நாள் தாமதம் 90,000 டாலர், எழுபதாயிரம் டன்னில் பிரித்தால் டன்னுக்கு ஒன்றே கால் டாலருக்கு மேல். டன்னுக்கு அரை டாலர் மிச்சம் என்று தேர்ந்தெடுத்த வழியில் இப்படி ஆறு நாள் போனால் என்ன மிஞ்சும்? மூன்றாவது, சரக்கை கிராப் (கிரேனில் தொங்கும் அள்ளும் வாளி) எத்தனை தடவை தொடுகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் பொடியும், எடை தகராறு ஒன்று கூடும். நான்காவது, எந்த மாதம். ஐந்தாவது, ஏதாவது நடந்தால் காப்பீடு நிற்குமா.

இந்த ஐந்தும் எல்லோருக்கும் ஒரே அளவு முக்கியம் இல்லை. கோக்கிங் நிலக்கரி வாங்கும் உருக்காலைக்கு மூன்றாவது பெரிய விஷயம், ரகம் கலந்தாலே தலைவலி. அனல்மின் நிலையத்துக்கு அது அவ்வளவு உறுத்தாது, கையிருப்பு தீர்ந்துவிடுமோ என்பதுதான் கவலை.

## வழி 1: நடுக்கடலில் மாற்றுவது

சாண்ட்ஹெட்ஸ், சாகர் தீவுப் பக்கம், ஒடிசா கரையை ஒட்டிய கனிகா சாண்ட்ஸ். இந்த மாதிரி இடங்களில் பெரிய கப்பல் நங்கூரம் போட்டு நிற்கும். பக்கவாட்டில் பெரிய ரப்பர் ஃபெண்டர்களைத் தொங்கவிட்டு, மறுபக்கம் பார்ஜோ (தட்டையான சரக்குப் படகு) சின்னக் கப்பலோ வந்து கட்டிக்கொள்ளும்.

இங்கே முதல் கேள்வியே தாய்க்கப்பலில் சொந்தக் கிரேன் உண்டா என்பதுதான். சூப்ராமாக்ஸ் (பனாமாக்ஸைவிடச் சின்ன ரகம்) என்றால் வழக்கமாக நான்கு கிரேன் இருக்கும், தானே இறக்கிவிடும். பனாமாக்ஸில் பெரும்பாலும் கிரேன் கிடையாது, ஆக ஃப்ளோட்டிங் கிரேன் வாடகைக்கு வேண்டும். அந்த வாடகை கொட்டேஷனில் தெரியும். கிரேன் வந்து சேரவும் திரும்பிப் போகவும் ஆகும் செலவும், கடல் கொந்தளிப்பில் சும்மா நிற்கும் நாளின் வாடகையும் பல நேரம் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும்.

கிரேன் எவ்வளவு வேகம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல கடலில் ஒரு ஃப்ளோட்டிங் கிரேன் நாளுக்குப் பத்துப் பதினைந்தாயிரம் டன் எடுத்துவிடும், அது பிரச்சினையே இல்லை. பார்ஜ் திரும்பி வரும் வேகம்தான் பிரச்சினை. எட்டாயிரம் டன் பார்ஜ் ஒன்று நிரம்பி, ஓதம் பார்த்து ஆற்றில் ஏறி, ஹால்டியாவின் லாக் கேட்டுக்கு (கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும் மதகு) முன் வரிசையில் நின்று, உள்ளே போய் பெர்த் (கப்பலைக் கட்டும் இடம்) கிடைத்து இறக்கி, மறுபடி ஓதம் பார்த்து வெளியே வர நாலைந்து நாள் சாதாரணமாக ஆகிவிடும். 36,000 டன்னுக்கு அப்படி ஐந்து நடை. ஐந்து பார்ஜ் வைத்திருந்தால் மூன்று நாளில் தாய்க்கப்பல் விடுபடும். இரண்டே பார்ஜ் என்றால் கிரேன் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், தாய்க்கப்பலின் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். கொட்டேஷன் கொடுப்பவரிடம் "நாளுக்கு எத்தனை டன்" என்று கேட்காதீர்கள், "என் கப்பலுக்கென்று எத்தனை பார்ஜ் ஒதுக்குவீர்கள், பெயரோடு சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

அடுத்தது வானிலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் வங்கக்கடலின் தலைப்பகுதி அமைதியாக இருக்காது. அலை ஒன்றரை, இரண்டு மீட்டரைத் தாண்டினால் இரண்டு கப்பலும் ஒன்றோடொன்று இடிக்கும், கயிறு அறும், வேலையை நிறுத்திவிட வேண்டியதுதான். பருவமழைக்கு முன்னும் பின்னும் புயல். 2020 மே மாதம் ஆம்பன் சுந்தரவனப் பகுதியில்தான் கரை ஏறியது, அடுத்த மே மாதம் யாஸ் தாம்ராவுக்கும் பாலசோருக்கும் நடுவே. ஆக நம்பி வேலை செய்யக்கூடிய காலம் என்று பார்த்தால் நவம்பர் கடைசி முதல் மார்ச் வரைதான், அதிலும் டிசம்பர், ஜனவரியில் ஆற்று முகத்தில் மூடுபனி.

இந்தோனேசியாவில் இதே வேலை வருடம் முழுக்க நடக்கிறதே என்று கேட்பார்கள். நடக்கிறது. நீங்கள் வாங்கும் கலிமந்தான் நிலக்கரியே பெரும்பாலும் மகாகம் ஆற்றில் 300 அடி பார்ஜில் இறங்கி வந்து, முவாரா பெராவ் மாதிரி நங்கூரத் தளத்தில் ஃப்ளோட்டிங் கிரேன் வைத்துப் பெரிய கப்பலில் ஏற்றப்பட்டதுதான். ஆனால் அது நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல், அங்கே புயல் வருவதில்லை, கலிமந்தானின் கிழக்குக் கரைக்கு எதிரே சுலவேசி வேறு மறைப்பாக இருக்கிறது. அதைவிட முக்கியம், அந்த பார்ஜ் சுரங்கத்துப் படித்துறையிலிருந்தே கிளம்பி வருகிறது. நடுவில் இன்னொரு துறைமுகம் இல்லை.

எடை விஷயத்தையும் சொல்ல வேண்டும். நடுக்கடலில் தராசு கிடையாது, டிராஃப்ட் சர்வேதான். சர்வேயர் சின்னப் படகில் கப்பலைச் சுற்றி வந்து, முன்னும் நடுவும் பின்னும் எழுதியிருக்கும் எண்களை இருபுறமும் படிப்பார். பக்கெட்டில் தண்ணீர் மொண்டு ஹைட்ரோமீட்டரை விட்டு அடர்த்தி பார்ப்பார். அலை அந்த எண்களின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவைக் கண்ணால் பிடித்து எழுத வேண்டும். அமைதியான தண்ணீரிலேயே அரை சதவீதம் முன்னே பின்னே போகக்கூடிய முறை இது. 36,000 டன்னில் அரை சதவீதம் 180 டன். அலை இருக்கும் நாளில் அதைவிட மோசம். இரண்டு கப்பலுக்கும் இடையிலுள்ள இடுக்கில் தார்ப்பாய் கட்டச் சொல்லுங்கள், கிராப் மூடாமல் தூக்கினால் சரம் சரமாகக் கடலில் விழும். தார்ப்பாய் கட்டாத கப்பலில் கணக்கு தேறாது.

காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. கப்பல்களுக்கு உலகெங்கும் புழங்கும் ஹல் பாலிசி (கப்பலுக்கான காப்பீடு) ஷரத்துகளில், கடலில் இன்னொரு கப்பலோடு சேர்ந்து சரக்கு மாற்றும்போது ஏற்படும் சேதத்துக்கு, முன்கூட்டியே தெரிவித்திருந்தால் ஒழிய இழப்பீடு கிடையாது என்று இருக்கிறது. துறைமுகப் படகுகளுக்கு மட்டும் விலக்கு. கப்பல் உரிமையாளர் தெரிவித்துவிட்டாரா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், கூடுதல் பிரீமியம் யார் கட்டுவது என்பதையும். உங்கள் சரக்குப் பாலிசியில் பார்ஜ் பயணம் சேர்ந்திருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அப்புறம் கொடி: இந்தியக் கரையோரத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சரக்கு எடுத்துப்போக இந்தியக் கொடிக் கப்பல் வேண்டும், வெளிநாட்டுக் கொடி என்றால் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டு டாட்டர் வெசலை (சரக்கை வாங்கிப்போகும் சின்னக் கப்பல்) பேசி வைத்துவிட்டு உரிமத்துக்காக நாள் கணக்கில் நிற்க நேரலாம்.

இத்தனைக்கும் பிறகு இந்த வழி யாருக்கு நல்லது? ஆற்றங்கரையில் சொந்தப் படித்துறை உள்ளவருக்கு. ஃபராக்கா அனல்மின் நிலையம் கங்கைக் கரையிலேயே இருக்கிறது. கடலில் மாற்றிய இறக்குமதி நிலக்கரியை ஆழம் குறைந்த பார்ஜ்களில் தேசிய நீர்வழி 1 வழியாக சுமார் 560 கிலோமீட்டர் மேலே கொண்டுபோகும் திட்டம் 2013 வாக்கில் அங்கே தொடங்கியது இந்தக் கணக்கில்தான். பக்கத்து நாட்டில் சட்டோகிராமைப் பாருங்கள். வெளி நங்கூரத் தளத்தில் கோதுமையும் சிமென்ட் கிளிங்கரும் லைட்டர் கப்பல்களுக்கு மாறி, நேரே நாராயண்கஞ்சுக்கும் டாக்காவைச் சுற்றியுள்ள ஆலைத் துறைகளுக்கும் போகின்றன. அங்கே லைட்டர் துறைமுகத்துக்கு உதவியாள் இல்லை, அதுவே வீடு வரை கொண்டு சேர்க்கும் வண்டி. துர்காபூர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய சரக்கு கடலில் ஒரு தடவை, ஹால்டியாவில் ஒரு தடவை, ரேக்கில் ஏற்ற ஒரு தடவை என்று மூன்று தடவை கிராப்பைப் பார்க்கும்.

## வழி 2: இரண்டு துறைமுகத்தில் இறக்குவது

கப்பல் முதலில் விசாகப்பட்டினம், கங்காவரம், பாரதீப், தாம்ரா ஆகிய ஆழமான துறைமுகங்களில் ஒன்றுக்குப் போகும், தேவையான அளவு இறக்கிவிட்டு, இலேசாகி ஹால்டியாவுக்கு வரும். கிழக்கு இந்திய உருக்காலைகளுக்கு ஆஸ்திரேலியக் கோக்கிங் நிலக்கரி பல காலமாக இப்படித்தான் வருகிறது. முறை பழகியது, ஏஜென்டுகளுக்கு அத்துப்படி, கப்பல் உரிமையாளர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

நல்ல பக்கம் தெளிவானது. பெர்த்தில் கட்டிய கப்பலில் அலை பயம் இல்லை, இறக்கும் வேகம் கடலில் கிடைப்பதைவிட அதிகம், சரக்கு நேராகக் கரைக்குப் போகிறது, ஒவ்வொரு டன்னையும் கப்பலிலிருந்து ஒரே தடவைதான் எடுக்கிறோம். ஜூலையிலும் வேலை நடக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள்: இரண்டு துறைமுகத்துக்கும் தனித்தனிக் கட்டணம், இரண்டு தடவை பைலட், இரண்டாவது துறைமுகத்துக்காகக் கப்பல் வாடகையில் கூடுதல். அதைவிடப் பெரியது இரண்டு வரிசையில் நிற்பது. பாரதீப்பில் மூன்று நாள், ஹால்டியாவில் நான்கு நாள் என்று நின்றால் ஏழும் உங்கள் கணக்கில் வரலாம். லே-டைம் (சரக்கு இறக்க ஒப்பந்தத்தில் அனுமதித்த நேரம்) இரண்டு துறைமுகத்துக்கும் சேர்த்தா, தனித்தனியா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். ஒரு துறைமுகத்தில் மிச்சப்படுத்திய நேரம் இன்னொன்றில் உதவும்படி சேர்த்து எழுதுவது சரக்குக்காரருக்கு நல்லது.

எந்த அறையிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதை ஏற்றும் துறைமுகத்திலேயே முடிவு செய்ய வேண்டும். பனாமாக்ஸில் ஏழு அறைகள். தாம்ராவில் கைக்கு வந்த அறையைக் காலி செய்துவிட்டால் கப்பலின் முதுகில் அழுத்தம் ஏறும், அல்லது பின்பக்கம் தாழ்ந்து நிற்கும். ஹால்டியாவுக்கு முன்னும் பின்னும் சமமாக மிதந்து வர வேண்டும், பின்பக்கம் அரை மீட்டர் தாழ்ந்தாலும் ஆறு அந்த ஆழத்தைத்தான் பார்க்கும். இரண்டு ரக நிலக்கரி ஒரே கப்பலில் வந்தால் இது இன்னும் சிக்கல். கப்பலின் சீஃப் ஆஃபீசரிடமிருந்து இரண்டு துறைமுகத்துக்குமான இறக்கும் வரிசையை ஏற்றுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

பாதிச் சரக்கு தாம்ராவிலோ விசாகப்பட்டினத்திலோ கிடக்கும் என்பதை மறக்கக் கூடாது. அங்கிருந்து ஆலைக்கு வேறு பாதையில் ரேக் வேண்டும், அங்கே ஒரு ஆள், சரக்கைக் குவிக்க ஒரு பிளாட், ஒரு கணக்கு. இரண்டு ஊரில் ஆலை உள்ளவர்களுக்கு இது வரம். ஒரே ஆலை என்றால் கொஞ்சம் இழுபறிதான், ஆனாலும் தாங்கக்கூடியது.

சரக்கு ஏற்றிப்போகும் பக்கம் இதே வழி தலைகீழாக வேலை செய்யும். ஹால்டியா, பாரதீப், விசாகப்பட்டினத்திலிருந்து எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் நம் அனல்மின் நிலையங்களுக்குக் கடல்வழியாக நிலக்கரி வந்ததை, பூம்புகார் கப்பல் கழகத்தின் தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் கப்பல்களை, தெரிந்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஏற்றுவதில் முதலில் ஆழமில்லாத துறைமுகத்தில் முடிந்த அளவு, பிறகு ஆழமான துறைமுகத்தில் மீதியை நிரப்பிக்கொள்வது என்ற வரிசை.

## வழி 3: சின்னக் கப்பலில், அல்லது பாதி பாரத்தோடு நேரே

எட்டு மீட்டரில் ஒரு சூப்ராமாக்ஸ் சுமார் 28,000 டன் கொண்டு வரும், அதன் கொள்ளளவில் பாதி. காலியாகப் போகும் இடத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மாதிரி தூரத்திலிருந்து என்றால் இது கட்டுப்படியாகாது, சொல்லிவிடலாம். கலிமந்தானிலிருந்து என்றால் பயணம் குறைவு, கணக்குப் போட்டுப் பார்க்க இடம் இருக்கிறது.

இதன் அழகு எளிமை. ஒரு துறைமுகம், ஒரு வரிசை, ஒரு சர்வே, கிரேன் கப்பலிலேயே. மாதத்துக்கு இருபத்தைந்தாயிரம் டன் போதும் என்கிற ஆலை, எழுபதாயிரத்தை ஒரேயடியாக வாங்கி மூன்று மாதம் வட்டி கட்டி வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். வட்டியும் பிளாட் வாடகையும் யாரும் கப்பல் செலவில் சேர்த்துப் பார்ப்பதில்லை. நிலக்கரியைக் குவித்து வைத்தால் தானாகச் சூடேறும், தீப்பிடிக்கும், அதைக் கிளறித் தண்ணீர் தெளித்துக் காப்பதற்கும் செலவு. பாமாயில் ஹால்டியாவுக்குப் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது: மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து சின்ன டேங்கர், நேரே ஜெட்டி.

## வழி 4: ஆழமான துறைமுகத்தில் மொத்தமும் இறக்கி ரயிலில்

தாம்ரா 2011-ல் திறந்தது. அங்கிருந்து 62 கிலோமீட்டர் ரயில் பாதை பத்ரக்கில் போய்ச் சேருகிறது, ஹவுரா மெயிலில் போனவர்களுக்குத் தெரிந்த ஸ்டேஷன்தான். எழுபதாயிரம் டன்னும் ஒரே இடத்தில் இறங்கிவிடும், பனாமாக்ஸைவிடப் பெரிய கேப்சைஸ் கப்பலே வரலாம், அப்போது கடல் வாடகை இன்னும் குறையும்.

ஒரு ரேக்கில் 58, 59 வேகன், சுமார் நாலாயிரம் டன். எழுபதாயிரத்துக்குப் பதினெட்டு ரேக். கப்பல் மூன்று நாளில் இறக்கிவிட்டுப் போய்விடும், ரேக் நாளுக்கு ஒன்று கிடைத்தாலும் பதினெட்டு நாள். இலவச நாட்கள் முடிந்ததும் தரை வாடகை ஏறத் தொடங்கும், அது ஏறுகிற விதம் நாள் போகப் போகக் கூடும். கப்பலில் டெமரேஜ் மிச்சம் என்று சந்தோஷப்பட்டது யார்டில் போய்விடக் கூடாது. ஆலைக்குள் சொந்த சைடிங் (சரக்கு ரயில் வந்து நிற்கும் தனித் தடம்) உண்டா, இண்டென்ட் (ரயில்வேயிடம் ரேக் கேட்கும் விண்ணப்பம்) போட்டால் எத்தனை நாளில் ரேக் கிடைக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் இருந்தால் இந்த வழியைத் தைரியமாக எடுக்கலாம். ஒடிசா, ஜார்க்கண்டின் தென்பகுதி ஆலைகளுக்கு இதுதான் இயல்பான வழி, அவர்கள் ஹால்டியாவை நினைக்கவே தேவையில்லை.

திரவ சரக்கில் இந்த யோசனை இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 1975-ல் தொடங்கிய ஹால்டியா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு இப்போது பாரதீப் கடலில் மிதவையில் கட்டும் பெரிய டேங்கரிலிருந்து குழாய் வழியாகவே கச்சா எண்ணெய் போகிறது. ஆற்றின் ஆழம் அந்தச் சரக்குக்கு ஒரு பொருட்டே இல்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நடுக்கடல் மாற்றம் | இரண்டு துறைமுகம் | சின்னக் கப்பல் நேரே | ஆழத் துறைமுகம் + ரயில் |
|---|---|---|---|---|
| கடல் வாடகை | குறைவு | குறைவு, கொஞ்சம் கூடுதலோடு | அதிகம் | மிகக் குறைவு |
| நேரம் போகும் இடம் | பார்ஜ் சுற்று, அலை | இரண்டு பெர்த் வரிசை | ஹால்டியா வரிசை மட்டும் | ரேக் |
| துர்காபூர் ரேக் வரை கிராப் தொடுவது | மூன்று தடவை | இரண்டு தடவை | இரண்டு தடவை | இரண்டு தடவை |
| பருவமழையில் | நம்ப முடியாது | நடக்கும் | நடக்கும் | நடக்கும் |
| ஒளிந்திருக்கும் செலவு | சும்மா நிற்கும் கிரேன், எடைத் தகராறு, கூடுதல் பிரீமியம் | இரட்டைக் கட்டணம், பிரிந்து கிடக்கும் சரக்கு | காலி இடத்துக்கு வாடகை | தரை வாடகை, நீண்ட ரயில் தூரம் |
| யாருக்கு | ஆற்றங்கரைப் படித்துறை உள்ளவருக்கு | தொடர்ந்து பெரிய அளவில் வாங்குபவருக்கு | மாதம் முப்பதாயிரத்துக்குள் போதும் என்பவருக்கு | சொந்த சைடிங் உள்ளவருக்கு |

## நான் எதைச் சொல்வேன்

மேற்கு வங்கத்தின் உள்பகுதியில் ஆலை, வருடம் முழுக்கத் தொடர்ந்து பெரிய கப்பலில் வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு துறைமுகம். யோசிக்கவே வேண்டாம். கொட்டேஷனில் நடுக்கடல் மாற்றம் டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் அதை நம்பாதீர்கள், அந்த எண் நல்ல கடலுக்கும் தயாராக நிற்கும் பார்ஜுக்கும் போட்ட எண். ஜனவரி, பிப்ரவரியில், தேவையான அத்தனை பார்ஜும் பெயரோடு ஒப்பந்தத்தில் இருந்து, பாரதீப்பிலும் தாம்ராவிலும் பெர்த்துக்குப் பெரிய வரிசை நிற்கிறது என்றால் மட்டும் மறுபரிசீலனை செய்யலாம்.

ஹால்டியா ஊரிலேயே, துறைமுகத்தை ஒட்டியே ஆலை என்றால் பதில் மாறும். அங்கே தேவை குறைவாக இருந்தால் சின்னக் கப்பல், சரக்கு கலிமந்தானிலிருந்து வந்தால் இன்னும் நல்லது. ஆற்றங்கரைப் படித்துறை உள்ளவர்கள் பார்ஜை விட வேண்டாம், ஆனால் மழைக்கால நான்கு மாதத்துக்கு மாற்று வழியையும் அதே ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் சார்ட்டர் பார்ட்டியில் (கப்பல் வாடகை ஒப்பந்தம்) சில வரிகள் இருந்தே ஆக வேண்டும். லைட்டரிங் நேரம் லே-டைமில் சேருமா, ஓதத்துக்காக நிற்கும் நேரம் யாருக்கு, மோசமான வானிலையில் மீட்டர் நிற்குமா, கப்பல் எந்த இடத்துக்கு வந்ததும் வந்து சேர்ந்ததாகக் கணக்கு, அதாவது சாண்ட்ஹெட்ஸிலா, சாகரிலா, லாக் கேட் முன்பா. இதில் எதையும் "வழக்கப்படி" என்று விடாதீர்கள், வழக்கம் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஹால்டியா வருகை டிராஃப்டை எழுதும்போது, கப்பல் வந்து சேரும் என்று சொல்லும் வாரத்தின் மிகக் குறைந்த முன்னறிவிப்பு எண்ணை எடுத்து, நன்னீருக்காக இன்னும் பதினைந்து சென்டிமீட்டர் கழித்து எழுதச் சொல்லுங்கள். முதல் துறைமுகத்தில் ஆயிரம் டன் கூடுதலாக இறக்குவதற்கு ஆகும் செலவு, அந்த ஆயிரம் டன்னால் சாகரில் அடுத்த பெரிய ஓதம் வரை ஒரு வாரம் நங்கூரத்தில் நிற்கும் செலவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.